இதரப் பொருட்களில் ஒன்று

நேற்று மாலை நாற்பத்தாறாக இருந்தது இன்று காலை நாற்பத்தேழாக இருந்தது. இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா? யூ-சின்னும் பயப்படவில்லை. சோயாப் பால் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தேழுதான்.

கட்டடம் வரைகிற மென்பொருளோடு பழகாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அது குலம் கோத்திரம் கேட்காமல் எதையும் உள்ளே விடாது. நாம் வரைவது அதற்கு வெறும் கோடு அல்ல. சுவர், தரை, கதவு, சன்னல், தூண், குழாய் என்று ஏதாவது ஒரு வகையில் பிறந்தாக வேண்டும். வகைக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் தினுசு, தினுசுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனி எண். எந்தப் பட்டியலில் எண்ணப்படும், எந்தப் படத்தில் தெரியும், ஒன்றோடு ஒன்று இடிக்கிறதா என்று சோதிக்கும்போது யார் கண்ணில் படும் என்பதெல்லாம் பிறந்த வகையைப் பொறுத்தது. மாடிப்படியில் நாம் பிடித்து இறங்கும் கைப்பிடியும், குழியின் விளிம்பில் ஆள் விழாமல் காக்கும் தடுப்பும் அதற்கு ஒரே வகை: தடுப்புக்கம்பி. எதிலும் சேராத அநாதைகளுக்கென்று கடைசியாக ஒரு வகை உண்டு. அதன் பெயர் இதரப் பொருட்கள்.

அவள் வரைந்துகொண்டிருந்தது நகராட்சிக்கான ஒரு நூலகம். புத்தகம் போடும் பெட்டி, வாசலில் வைக்கப்போகிற கல் ஆமை, குடை செருகும் சட்டம் என்று நாற்பத்தாறு இதரப் பொருட்களை அவளே வைத்திருந்தாள். நாற்பத்தேழாவதுக்குக் குடும்பமும் இல்லை, தினுசும் இல்லை. உயரம் நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர். அகலம் நாற்பத்தாறு. எதனால் ஆனது என்கிற கட்டத்தில் 'வகுக்கப்படவில்லை' என்றிருந்தது. அதற்கடுத்த கட்டம் எந்தத் தளம் என்பது. அதில் ஒன்பது என்றிருந்தது.

நூலகத்துக்கு மொத்தமே நான்கு தளம்.

யூ-சின் அந்த வரியைத் தேர்ந்து நீக்கினாள். 'ஓர் உருப்படி நீக்கப்பட்டது' என்றது திரை. குளிர்சாதனக் காற்றில் எங்கிருந்தோ சுண்ணாம்பு தடவிய பச்சைப் பாக்கு வாசனை வந்தது. இந்த அலுவலகத்தில் பாக்கு மெல்லுகிறவர் யாரும் இல்லை. கட்டுமானத் தளத்து ஆட்கள்தான் மெல்லுவார்கள். அவள் எழுந்து போய் சன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. பதினான்கு மாடிக்குக் கீழே கவ்சியுங் நகரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

ஒன்பது என்கிற எண்ணைப் பார்த்தால் அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். மே மாதத்திலிருந்து அப்படித்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். யூ-சின்னின் நெஞ்சு நான்கு மாதமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியாமல். நடந்தது இதுதான். துறைமுகத்தின் பக்கம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம், அதன் மாடல் முழுவதும் அவள் வேலை. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை மோதல் அறிக்கையில் கடைசியாக ஒரே ஒரு சிவப்பு மிச்சம் இருந்தது: ஒன்பதாம் தளத்தில், குழாய்கள் மேலேறும் குழியின் வாயில் உள்ள தடுப்புக்கம்பியை ஒரு காற்றுக்குழாய் நான்கு சென்டிமீட்டர் இடித்தது. சரிசெய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்த அலுவலகத்தில் அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. இடிப்பதை இதரத்தில் தள்ளிவிடுவார்கள். மோதல் சோதனை இதரத்தைத் திரும்பிப் பார்க்காது, சிவப்பு போய்விடும். ஆனால் மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதித் திரையின் ஓரம் ஒட்டவேண்டும், பட்டியல் வெளியே போகுமுன் பழைய வகைக்கே திருப்ப வேண்டும். எழுதாத சட்டம் அது, எல்லோரும் செய்வது.

யூ-சின் தள்ளினாள். சீட்டு எழுதவில்லை. ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாய்துங்கில் அம்மாவுக்குப் பிறந்தநாள், பன்றிக்கால் சேமியா ஆறிப்போகும் என்று தங்கை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். திங்கள்கிழமை பட்டியல் போய்விட்டது. தளத்துக்குப் பதினொன்று வீதம் நூற்று முப்பத்திரண்டு தடுப்புக்கம்பி இருக்கவேண்டிய பட்டியலில் நூற்று முப்பத்தொன்று இருந்தது. பட்டறையில் அத்தனைதான் செய்தார்கள். தளப் படங்களில் இதர வகையை அணைத்து வைத்திருப்பார்கள் என்பதால் படத்திலும் அது தெரியவில்லை. ஒன்பதாம் தளத்துக் குழிவாயில் கட்டுமான ஆட்கள் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். மே பன்னிரண்டாம் தேதி காற்றுக்குழாய் பொருத்துகிற ஆ-தியென், குழாயின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனைக்காரனுக்கு வழிவிடுவதற்காகப் பின்னால் ஒரு அடி வைத்தான்.

செய்தி வந்தபோது யூ-சின் முதலில் அழவில்லை. முதலில் மாடலைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், எல்லோரோடும் சேர்ந்து. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது மடல் சுடும்.

செவ்வாய்க்கிழமை அது திரும்ப வந்தது. இம்முறை இதரத்தில் இல்லை; மரச்சாமான்களில் இருந்தது. வாசிப்பு நாற்காலிகளின் வரிசைக்குக் கீழே கடைசியாக, உயரம் நூற்று எழுபத்தொன்று, தளம் ஒன்பது. நீக்கினாள். மதியம் செடிகொடிகளில் இருந்தது. நீக்கினாள். மாலை கதவுகளில். மழையில் நனைந்த ஒருவன் தெருவில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வருவதுபோல வகை வகையாக வந்துகொண்டிருந்தது. எந்தக் காட்சியில் திறந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாக்கு வாசனை மட்டும் இப்போது அவள் மேசையை விட்டுப் போகவே இல்லை.

பக்கத்து மேசை வெய்-தோங் எட்டிப் பார்த்தார். ஐம்பதை நெருங்குகிறவர், அலுவலகத்தில் பாதி பேருக்கு இந்த மென்பொருளைக் கற்றுக்கொடுத்தவர், வாய் சும்மா இருக்காது. அவளுடைய கணினியின் தலையில் இருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். எல்லா மேசையிலும் அது ஒன்று இருக்கும். 'சமத்தா இரு' என்று பெயர் போட்ட சோளப்பொரி. அது இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று நம்பிக்கை. பச்சைதான் வைக்கவேண்டும். காலாவதி ஆகவும் கூடாது.

"ஏம்மா, இது மார்ச்சுலயே செத்துப்போச்சு. இதை வச்சுக்கிட்டு மெஷின் சொன்ன பேச்சு கேக்கலன்னா அது மேல தப்பா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். மார்ச்சில் எந்தத் தேதி என்று கேட்கவில்லை.

"ஏழாம் மாசம் வேற," என்றார் வெய்-தோங், குரலைத் தாழ்த்தி. "நாளைக்குப் படையல்ல நல்ல அண்ணன்மாருக்கு ரெண்டு ஊதுவத்தி கூடக் கொளுத்து."

கீழுலகத்தின் கதவு திறந்திருக்கும் ஏழாம் மாதத்தில் அவர்களை இங்கே யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

புதன்கிழமை கட்டடத்து வாசலில் மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் பானமும் அடுக்கி, அவர்கள் முகம் கழுவ வாளியில் தண்ணீரும் துண்டும் வைத்துப் படைத்தார்கள். அங்கேதான் ஜுவாங் வந்து நின்றார். துறைமுகக் கட்டடத்தின் கட்டுமான மேற்பார்வையாளர். இப்போது வேலையில் இல்லை. தடுப்பு இல்லாத குழியைக் கவனிக்காமல் விட்டவர் என்று அவர் பேரில் வழக்கு. கையில் காகிதச் சட்டை, காகிதக் காற்சட்டை இருந்த ஒரு பை. ஆ-தியென்னுக்கு எரித்து அனுப்ப, அவன் மனைவிக்காக வாங்கியதாம். அவன் விழுந்த ஒன்பதாம் தளத்தில் பூசாரி மூன்று முறை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். குறி கேட்கப் போடும் பிறைக்கட்டைகளை எத்தனை தரம் போட்டாலும் 'வருகிறேன்' என்று விழவே இல்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான், எங்கே என்று தெரியவில்லை, என்றாராம் பூசாரி.

"அளவு பத்தாது போலிருக்கு," என்றார் ஜுவாங், சட்டையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்து. "நூத்தி எழுபத்தொண்ணு அவன். குழாய் வேலைக்காரனுக்கு அதிகம்."

யூ-சின் கையிலிருந்த ஊதுவத்திகளின் சாம்பல் அவள் மணிக்கட்டில் விழுந்தது. சுட்டது. அவள் கையை உதறவில்லை.

சட்டையை நெருப்பில் போட்டுவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பினார். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பட்டியலை நான் அன்னிக்கு எண்ணினேன். படத்தையும் பாத்தேன். ஒன்பதாவது மாடில அது இருந்துச்சா? எனக்கு இல்லாத மாதிரி ஞாபகம். பொண்டாட்டிகிட்டக் கூடச் சொன்னேன். ஆனா ஆளுங்க எல்லாம் இருந்திருக்கும், நீதான் பாக்கலங்கறாங்க. உங்க படத்துல இருந்துச்சா?"

'இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எரிகிற காகிதத்தின் புகை இருவருக்கும் நடுவே வந்தது. அந்தப் புகை விலகுவதற்குள் சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சுண்ணே," என்றாள் யூ-சின்.

அவர் இரண்டு முறை தலையாட்டினார். கோபப்படவில்லை. நன்றி என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்று கழிப்பறையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்காமலே கழுவினாள்.

வெள்ளிக்கிழமை புயல். காலை பத்து மணிக்கு நகராட்சி அறிவித்துவிட்டது: நண்பகலோடு எல்லோருக்கும் விடுமுறை. அலுவலகம் பள்ளிக்கூடம்போலக் கலைந்தது. போகிற போக்கில் மேலாளர் ஃபான் மேடம் அவள் மேசையில் ஒரு கையை ஊன்றி, தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் இப்போது விசாரணை நடக்கிறது, ஜுவாங்கையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், துறைமுகக் கட்டடத்தின் மார்ச் மாத மாடலைக் கேட்கிறார்கள், பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட்டுக் கிளம்பு என்றாள். நம்மேல் ஒன்றும் இல்லை, பட்டியலில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றும் சொன்னாள். கேள்வி அல்ல அது. வெய்-தோங் கிளம்பும்போது அவள் கணினியின் தலையில் புதிய பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, "சீக்கிரம் போ, லிஃப்டு நின்னுடும்," என்றார்.

பதினொன்றரைக்கு அவள் மட்டும்தான் இருந்தாள். பகல்தான், ஆனால் சன்னல்களுக்கு வெளியே வானம் இரும்புத் தகடுபோல இறங்கி நின்றது. மழை கண்ணாடியில் விழவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடியது. எங்கோ ஒரு தளத்தில் திறந்து விட்ட கதவு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனத்தின் ஓசையும், அணைக்காமல் விட்டுப்போன கணினிகளின் முனகலும், காற்று எழும்போதெல்லாம் கட்டடமே தொண்டையைச் செருமுவதுபோல வந்த ஓர் ஓசையும் சேர்ந்து, இருபது காலி நாற்காலிகளிலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஓர் எண்ணத்தை உண்டாக்கின. பாக்கு வாசனையோடு இப்போது நனைந்த இரும்பின் வாசனையும் இருந்தது.

அவள் மார்ச் மாத மாடலைத் திறந்தாள்.

தடுப்புக்கம்பி, நூற்று முப்பத்தொன்று. ஒன்பதாம் தளத்தின் பதினோராவது வரி இருக்க வேண்டிய இடத்தில் பத்தாம் தளம் தொடங்கியது. இதரப் பொருட்களில் அது இருந்தது, அவள் தள்ளிய இடத்திலேயே: நீளம் இருநூற்றுப் பத்து, வரைந்தவர் பெயர் யூ-சின். இதை அப்படியே அனுப்பினால் போதும். மென்பொருள் தெரிந்த எவனும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஜுவாங் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். ஆ-தியென்னின் மனைவிக்கு யார் என்று தெரிந்துவிடும். அம்மாவுக்கும் தெரிந்துவிடும்; பன்றிக்கால் சேமியா சாப்பிட வந்த கதையும் தெரிந்துவிடும். பத்திரிகையில் முகம் வரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்தச் சோற்றில் மறைக்கலாம். கணினியின் கடிகாரத்தை மார்ச்சுக்குத் திருப்பி வைத்தாள். வகையை மாற்றிச் சேமித்தால் போதும், பட்டியல், படம் எல்லாம் தானாகத் திருந்திக்கொள்ளும். கட்டுமான இடத்திலும் பட்டறையிலும் காகிதப் படம், பட்டியல் எதுவும் கிடையாது. எல்லோரும் பலகைக் கணினியில் பார்த்தவர்கள், அது புதியதைத்தான் காட்டும். ஓர் ஆளின் ஞாபகம் மட்டும் எதிர்ச்சாட்சி. அந்த ஞாபகத்தையும் அவள் புதன்கிழமையே வாங்கிவிட்டாள்.

இப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்போடுதான் செய்தாள். அந்த வரியைத் தேர்ந்தாள். வகை: இதரப் பொருட்கள். மாற்று. தடுப்புக்கம்பி.

சட்டென்று பாக்கு வாசனை போய்விட்டது.

பட்டியல் ஒரு கணம் வெறுமையாகி மறுபடி நிரம்பியது. நூற்று முப்பத்திரண்டு. ஒன்பதாம் தளத்தில் புதிய வரி, நீளம் இருநூற்றுப் பத்து. சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. வழக்கத்தினால், வெறும் வழக்கத்தினால், அனுப்புமுன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஒன்பதாம் தளத்துக் குழிவாயின் காட்சியைத் திறந்தாள்.

சாம்பல் நிறச் சுவர். சாம்பல் நிறத் தரை. குழியின் கறுப்பு.

வாயின் இந்தப் பக்கத்துக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கம்பம் வரைக்கும், இடுப்பு உயரத்தில், குறுக்காக, ஒரு மனிதன்.

கைகளைத் தலைக்கு மேலே நீட்டியிருந்தான். பத்து விரல்களும் ஒரு கம்பத்தைச் சுற்றியிருந்தன. கால்விரல்கள் மறு கம்பத்தில் மாட்டியிருந்தன. நிறம் இல்லை. எதனால் ஆனது என்று வகுக்கப்படவில்லை. நூற்று எழுபத்தொன்று. கையை நீட்டினால் இருநூற்றுப் பத்து.

முகம் குழிக்குள் பார்த்திருந்தது.

அவள் காட்சியைத் திருப்பவில்லை. கீழிருந்து பார்க்கிற கோணம் ஒன்று உண்டு. அதை அழுத்தவில்லை. சுட்டியிலிருந்து கையை எடுத்தபோது அந்தக் காட்சி தானாகக் கொஞ்சம் சுழன்றது. நீட்டிய கைகளில் ஒன்று, இடது கை, தளர்ந்திருந்ததாகத் தோன்றியது. பிடி விடப்போகிற கை.

இப்போதும் மாற்றியிருக்கலாம். இரண்டு விசை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அவள் காட்சியை மூடினாள். கோப்பைச் சேமித்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

மின்சாரம் போயிற்று.

எல்லாத் திரைகளும் ஒன்றாக இறந்தன. அவசர மின்கலம் ஒன்று எங்கோ கீச்சிட்டது, கொஞ்ச நேரம். பிறகு அதுவும் நின்றது. அவள் புயலின் அரையிருட்டில் உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, மேசைகளைத் தடவித் தடவி, படிக்கட்டுக் கதவுக்கு வந்தாள். லிஃப்ட்டின் எண்கள் அணைந்திருந்தன.

பழைய கட்டடம். படிக்கட்டுக்குச் சன்னல் கிடையாது. நடுவில் மேலிருந்து தரை வரைக்கும் ஓர் ஆள் விழுமளவு இடைவெளி, அதைச் சுற்றிச் சுற்றிப் படி இறங்கும், விளிம்பு முழுவதும் இரும்புக் கைப்பிடி. பதினான்காம் மாடியில் பச்சை விளக்கொன்று எரிந்தது. அதன் வெளிச்சம் பதின்மூன்றின் பாதி வரை வந்தது. அதற்குப் பிறகு இருட்டு. கைபேசியின் விளக்கைப் போடலாம் என்றால் மின்கலத்தில் மூன்று சதவீதம்தான். யூ-சின் வலது கையைக் கைப்பிடியில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. இரும்பு. நல்ல இரும்பு. பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பதின்மூன்று. பன்னிரண்டு. காற்று சுவருக்கு வெளியே ஊளையிட்டது. பதினொன்று. செருப்பின் ஓசை கீழே போய், எதிரொலித்து, ஒரு படி தாமதமாகத் திரும்பி வந்தது. பத்து. தூசியும் துருவும் கையில் ஒட்டின. திருப்பத்தில் அவள் கை வளைவைப் பின்பற்றி நழுவியது.

சூடாக இருந்தது.

நின்றாள். கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே இருந்தது உருண்டை. இரும்புபோலவே உருண்டை. ஆனால் சூடு. வியர்வை. மெல்ல விரல்களை நகர்த்தினாள். மயிர். பிறகு எலும்பு. மணிக்கட்டின் மேடு. அதற்கு அப்பால் ஐந்து விரல்கள்.

அந்த விரல்கள் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டன.

தன் கையைப் பின்னுக்கு இழுத்தாள். விடவில்லை. இறுக்கவும் இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். இருட்டில் தடுமாறுகிறவளை ஒருவர் பிடித்துக்கொள்வதுபோல. பாக்கு வாசனை முகத்தருகே.

இடது தோளில் பை அதிர்ந்தது. கைபேசி. இடது கையால் துழாவி எடுத்தாள். திரையில் ஜுவாங் அண்ணன் என்றிருந்தது. அந்த வெளிச்சத்தில் சுவரில் ஒன்பது என்கிற எண் தெரிந்தது. வலப்பக்கம் அவள் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் சாம்பல் நிறம் நீளமாகத் தெரிந்தது, அடுத்த திருப்பம் வரைக்கும்.

எடுத்தாள்.

"தங்கச்சி." அவர் குரல் களைத்திருந்தது. பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "இப்பதான் காட்டினாங்க. நீ சொன்னது சரிதான். இருந்திருக்கு. நான்தான் பாக்கல."

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேனாவைக் கையில குடுத்துட்டாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உன் வாயால இன்னொரு தடவை கேட்டுடலாம்னு தோணுச்சு. தப்பா நினைக்காத. எனக்கு இன்னமும் அந்தக் கயிறுதான் ஞாபகத்துல நிக்குது. இருந்துச்சுல்ல?"

கையைப் பிடித்திருந்த கை லேசாக அசைந்தது. கட்டைவிரல் அவள் புறங்கையில் ஒரு முறை தடவியது. சொல்லு என்பதுபோல. யூ-சின்னுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். இருட்டு, யாரும் பார்க்கவில்லை, பார்க்கிறவன் ஒருவன்தான். அவள் வாயைத் திறந்தாள். வெட்கம் நாக்கைப் பிடித்தது. நான்கு மாத வெட்கம்.

"ஆமாண்ணே," என்றாள். "இருந்துச்சு."

"சரிம்மா," என்றார். பேனா எழுதும் ஓசைகூடக் கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

கை விட்டுவிட்டது.

மெதுவாகத்தான் விட்டது, விரல் விரலாக. கடைசி விரலும் போனபிறகு அவள் உள்ளங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. இரும்பும் இல்லை. துழாவினாள். காற்று. கைபேசியை உயர்த்தினாள், இருந்த கொஞ்ச வெளிச்சத்தில் படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே போயின, ஒன்பது, எட்டு, ஏழு, அதற்கும் கீழே, ஒரு தளத்திலும் கைப்பிடி இல்லை. விளிம்புகள் மொட்டையாக இருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

திரை அணைந்தது.

சுவர் எந்தப் பக்கம்? அவளுக்குத் தெரியவில்லை. எதிரில் யாரோ ஒரு கனமான பொருளின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நெருங்குவதுபோல மூச்சு வாங்கும் ஓசை. இன்னும் கிட்டே. வழிவிட்டால் போய்விடும்.

யூ-சின் பின்னால் ஒரு அடி வைத்தாள். குதிகால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.